பண்டமாரானிலிருந்து ஒரு கிளிக்

"ஆன்டி, அந்தக் காலத்துல இதெல்லாம் எப்படி சமாளிச்சீங்க?" என்று போன வாரம் என் பழைய ஆபீஸ் பெண் ஒருத்தி மெசேஜ் அனுப்பியிருந்தாள். அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு தீபாவளிகூடத் தாண்டவில்லை. என் நாற்காலியில் நான் போட்டு வைத்த குஷன்மேல் இப்போதும் யாரோ உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். அதற்குள் என்னைக் கற்காலத்துக்கு அனுப்பிவிட்டாள். திட்டலாம் என்றுதான் போனை எடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் பார்த்த வேலையில் இரண்டு வருஷத்துக்கு முந்தியது எல்லாமே அந்தக் காலம்தான்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தேடல் தளம் மறுபடியும் மாறிவிட்டதாம். இப்போது எதைத் தேடினாலும் தளமே முந்திக்கொண்டு ஒரு நீளமான பதிலைச் சொல்லிவிடுகிறது. விளம்பரங்கள் அந்தப் பதிலுக்கு உள்ளேயும் கீழேயுமாகப் போய் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "ஏன்லா என் விளம்பரச் செலவு ஏறிக்கிட்டே போவுது?" என்று கத்துகிறார்களாம். அந்தக் கத்தலை நான் பல வருஷம் இரண்டு காதாலும் கேட்டவள். பதிலை மெசேஜில் எழுதினால் விரல் வலிக்கும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் சொந்தக்காரர்கள் யாருக்கும் அது கடைசிவரை புரியவே இல்லை. என் வீட்டுக்காரர் கோயிலில் யாராவது கேட்டால், "அவ இன்டர்நெட்டுல வேல செய்றா" என்பார். அதைக் கேட்ட ஒரு அங்கிள் தன் வீட்டு வைஃபை சரியில்லை, வந்து பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் பார்த்தது வேறு வேலை. நீங்கள் போனில் "ஏர்கோன் ரிப்பேர்", அதாவது ஏசி ரிப்பேர், என்று தேடுகிறீர்கள். உடனே சில கடைகளின் பெயர்கள் மேலே வருகின்றன, பக்கத்தில் சின்னதாக விளம்பரம் என்று போட்டிருக்கும். அந்த இடம் சும்மா கிடைப்பதில்லை. நீங்கள் தேடிய அந்த நொடியிலேயே கடைக்காரர்களுக்குள் ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் அந்தப் பெயரை அழுத்தினால், அதாவது கிளிக் செய்தால், கடைக்காரர் தளத்துக்குக் காசு கட்ட வேண்டும். வாங்கினாலும் கட்ட வேண்டும், வாங்காமல் போனாலும் கட்ட வேண்டும். சின்ன வியாபாரிகளுக்காக அந்த ஏலத்தில் நின்று, எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கேட்பது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆபீஸின் பிழைப்பு.

அதற்கு முன்னால் நான் தடியான தொலைபேசிப் புத்தகத்துக்கு விளம்பரம் பிடித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் நின்றது. நாற்பது தாண்டிய வயதில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த ஆபீஸில் சேர்ந்து, என் மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்டு, தளத்தின் பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறு தடவை தேறினேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது எங்கள் மேலாளரைப் பற்றி.

சபாநாதன் என்று பெயர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் வீட்டில் தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். இவர் ஒருவர்தான் வழி தவறி விளம்பரத்துக்கு வந்துவிட்டார் என்று அவரே சொல்வார். ஆனால் அரசாங்க ஆபீஸை அவர் உடம்பிலிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை. முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எதையும் நின்றுகொண்டே படிக்கும் பழக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் ஒன்றைச் சொன்னால், "அப்படியோ?" என்பார். சாதாரண "அப்படியோ" என்றால் ஒப்புக்கொண்டார். கொஞ்சம் இழுத்தால் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னால், போய் மறுபடியும் முதலிலிருந்து பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். அந்த மூன்றாவது வகைக்கு எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் பயம்.

தளம் எதையாவது மாற்றினால், அன்றைக்கு யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். மாற்றம் வந்த நாளில் செலவு தாறுமாறாக ஏறும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்காது. விலையைக் குறைக்கலாம், சொல்லை நிறுத்தலாம் என்று கை துறுதுறுக்கும். அப்படிப் பயத்தில் செய்தால் எது எதனால் மாறியது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் சபாநாதன் சார் எங்கள் எல்லாரையும் கீழே இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஏன் வாழையிலைச் சாப்பாடு என்று ஒருநாள் கேட்டேன். "கையில குழம்பு இருந்தா ஒருத்தரும் போனத் தொட ஏலாது, மிஸஸ் லோகா" என்றார். ரசம் இரண்டாம் முறை வரும்வரை யாரையும் எழவிட மாட்டார். தளம் அடிக்கடி மாறிய வருஷங்களில் எங்கள் எல்லாருக்கும் எடை கூடியது.

இன்னொன்று திங்கள்கிழமை வாசிப்பு. என்னென்ன தேடியவர்கள் எங்கள் வாடிக்கையாளர் விளம்பரத்தை அழுத்தினார்கள் என்று தளம் எங்களுக்குக் காட்டும். அதை அவரவர் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். வியாபாரத்துக்கு உதவாத தேடலாக இருந்தால் மொத்த ஆபீஸும் சேர்ந்து, "தள்ளு!" என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்தச் சொல்லுக்கு விளம்பரம் வராதபடி தடுத்துவிடுவோம். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே என்று புதிதாக வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் குரல்தான் எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்கும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஏர்கோன் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணன் எங்களிடம் இருந்தார். முன்பெல்லாம் நாங்கள் எந்தச் சொல்லைக் கொடுத்தோமோ அந்தச் சொல்லைத் தேடியவருக்கு மட்டும்தான் விளம்பரம் போகும். ஒருநாள் தளம், இனிமேல் அதே பொருள் தரும் மற்ற தேடல்களுக்கும் காட்டுவோம் என்று அறிவித்தது. எது அதே பொருள் என்பதைத் தளமே முடிவு செய்யும். அடுத்த திங்கள்கிழமை நான் எழுந்து படித்தேன். "ஏர்கோன் நாமே கழுவுவது எப்படி." தள்ளு! "ஏர்கோன் இல்லாமல் தூங்குவது எப்படி." தள்ளு! "ஏர்கோன் மெக்கானிக் சம்பளம் எவ்வளவு." அதற்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காசில் யாரோ வேலை தேடியிருக்கிறார்கள். தள்ளித் தள்ளியே சில மாதத்தில் அவர் செலவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து மூச்சு விடுவதற்குள், எல்லாத் தேடல்களையும் இனிமேல் காட்ட மாட்டோம், சிலதை மட்டும்தான் காட்டுவோம் என்று தளம் சொல்லிவிட்டது. எங்கள் வாசிப்பு பாதியாகச் சுருங்கியது. மிச்சப் பாதிக்குக் காசு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் நடுவில் தளத்தின் ஆள் ஒருவர் அடிக்கடி போன் செய்வார். ரொம்ப மரியாதையான பையன். எந்த வியாதியைச் சொன்னாலும் அவரிடம் ஒரே மாத்திரைதான் இருந்தது. "பட்ஜெட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்களேன்." சபாநாதன் சார் அவருக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றாமலேயே மூன்றாவது வகை "அப்படியோ" சொல்வார்.

இனி புவனா கதைக்கு வருகிறேன். என் மொத்த வேலைக் காலத்திலும் என்னைப் படாத பாடு படுத்தியது அது ஒன்றுதான்.

புவனா கிள்ளானில் தீபாவளிப் பலகாரம் செய்து இணையத்தில் விற்பவள். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, அச்சு முறுக்கு. அதற்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தாள். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவள் அப்பா. கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான பண்டமாரானில் இருக்கிறார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் யாரையோ பார்த்து, கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. அதை விட்டுவிட்டு முறுக்குப் பிழியப் போகிறேன் என்று மகள் சொன்னதும் மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நிறுத்திய பேச்சை அதற்கப்புறம் தொடங்கவும் இல்லை. அம்மா மட்டும் கிள்ளானுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். புவனாவோடு அடுத்த வீட்டு அக்காவும் அவர் மருமகளும் வேலை செய்தார்கள். முதல் தீபாவளி நன்றாகவே போனது.

இரண்டாவது தீபாவளிக்கு முன்னால்தான் தளம் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை எந்தச் சொல்லுக்கு எவ்வளவு என்று நாங்களே கையால் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த வசதியை எடுத்துவிட்டு, இனிமேல் ஏலத்தை எங்கள் இயந்திரமே கேட்கும் என்றார்கள். எது உங்களுக்கு வெற்றி என்று மட்டும் நீங்கள் அதற்குச் சொல்ல வேண்டும். எப்படிப்பட்டவர்கள் அந்த வெற்றியைத் தருகிறார்கள் என்று அது தானாகவே கற்றுக்கொண்டு, அதே மாதிரி ஆட்களைத் தேடிப் பிடிக்கும். புவனாவின் பக்கத்தில் "மெசேஜ் அனுப்பு" என்று ஒரு பட்டன் இருந்தது. பலகாரம் வேண்டியவர்கள் அதை அழுத்தித்தான் ஆர்டர் கேட்பார்கள். அதனால் பட்டனை அழுத்துவதே வெற்றி என்று சொல்லிக்கொடுத்தோம். வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். காத்திருந்தோம்.

இயந்திரம் பிரமாதமாக வேலை செய்தது. பட்டனை அழுத்துபவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஆர்டர் மட்டும் குறைந்துகொண்டே போனது. ஒரு ஆர்டருக்கு ஆகும் விளம்பரச் செலவு இரட்டிப்பாகி, அதற்கு மேலும் ஏறியது.

புவனா போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஆன்டி, பழைய ஆபீஸ்ல ஆள் தேடுறாங்களாம். இந்தத் தீபாவளி ஓடலன்னா நான் அங்கயே திரும்பிப் போய்டுறேன். அடுத்த வீட்டு அக்காகிட்ட மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை.

சபாநாதன் சாரிடம் ஓடினேன். "ஏல விலை எல்லாருக்கும் ஏறியிருக்கு சார், அதான்" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையிலேயே எல்லாருக்கும் ஏறித்தான் இருந்தது. கண்ணாடி கழன்றது. "அப்படியோ? பட்டன அமத்துறவை ஏன் வாங்கேல்ல?" என்றார். ஆர்டர் உறுதியான பிறகு ஒவ்வொன்றையும் புவனாவே குறித்துக் கொடுத்தால் அதையே வெற்றியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். அதை நான் முன்பே அவளிடம் கேட்டிருந்தேன். "மாவுக் கையோட எப்படி ஆன்டி ஒவ்வொன்னையும் போன்ல குறிக்கிறது?" என்று மறுத்துவிட்டாள். அதை அவரிடம் சொன்னேன். "அப்ப நீங்க போய், அந்தப் பிள்ளை எப்படி விக்குதெண்டு பக்கத்துல இருந்து பாருங்கோ. காலமையே போங்கோ" என்றார்.

கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். புவனாவின் வீட்டுக்குள் நுழையும்போதே எண்ணெய் வாசம் தூக்கியது. அடுத்த வீட்டு அக்கா அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "சாப்டாச்சா?" என்று கேட்டு, பதில் சொல்வதற்குள் என் கையில் தோசைத் தட்டைக் கொடுத்துவிட்டாள் புவனா. பிறகு சாமி மாடத்தில் விளக்கேற்றினாள். கற்பூரம் காட்டினாள். மணி அடித்தாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். எல்லாம் முடிந்ததும், சாமி முன்னாலேயே இருந்த போனை எடுத்து, "தீபாவளிப் பலகாரம் கிள்ளான்" என்று தட்டினாள். மேலே அவள் விளம்பரமே வந்தது. அதை பயபக்தியோடு அழுத்தினாள். பக்கம் திறந்ததும் "மெசேஜ் அனுப்பு" பட்டனையும் அழுத்தினாள்.

தோசைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"என்னா புவனா செய்ற?"

"போனி ஆன்டி" என்றாள் சாதாரணமாக. "கடையத் தொறந்தா மொத வியாபாரம் கைராசியான ஆளு செய்யணும்ல? எங்க மாமியாரு பாசார்ல கடை போட்டப்போ, காலையில சொந்தக்காரங்கள வந்து போனி பண்ணச் சொல்வாங்க. நமக்குக் கடை இன்டர்நெட்டுல இருக்கு. அதான் எல்லாரும் போன்லயே பண்றோம்."

"எல்லாரும்னா?"

அவள் பதில் சொல்லத் தேவையே இல்லாமல் போனது. மேசைமேல் இருந்த வியாபாரப் போன் டிங் என்றது. அப்புறம் டிங் டிங். அப்புறம் நிற்கவே இல்லை. சித்தி ஒரு பிள்ளையார் படம் அனுப்பியிருந்தார். அத்தை "நல்லா இருப்பம்மா" என்று எழுதியிருந்தார். யாரோ ஒரு மாமா ரோஜாப்பூ அனுப்பியிருந்தார். கிள்ளான், பண்டமாரான், துறைமுகப் பக்கம் என்று இருந்த அத்தனை சொந்தமும், குளித்து முடித்த கையோடு, அவளுடைய விளம்பரத்தைத் தேடி, அழுத்தி, பட்டனையும் அழுத்தி, ஆசீர்வாதம் அனுப்பிக்கொண்டிருந்தது. குடும்பக் குழுவில் அதற்கு நினைவூட்டல்கூட உண்டாம்.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப அழுத்தினால் தளமே கண்டுபிடித்துக் காசு வாங்காமல் விட்டுவிடும். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு வீடு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை என்றால் அதற்கு எப்படிச் சந்தேகம் வரும்? இவர்களைவிட ஒழுங்கான வாடிக்கையாளர் உலகத்திலேயே இல்லை என்று இயந்திரம் முடிவு கட்டிவிட்டது. முன்பு நாங்கள் கையால் விலை போட்டபோது இந்தப் போனியால் கொஞ்சம் காசு வீணானதோடு சரி. இப்போது இயந்திரம் அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் எழுந்து, பூஜை முடித்து, யாருக்காவது பிள்ளையார் படம் அனுப்பக் காத்திருக்கும் ஆட்களாகப் பார்த்துப் பார்த்துப் புவனாவின் விளம்பரத்தைக் காட்டியது. அவர்களும் நல்ல மனுஷர்கள், அழுத்தினார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பலகாரத்தை அவர்களே சுடுவார்கள்!

இதை நான் விளக்கி முடித்தபோது புவனாவுக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அப்ப எங்க ஆளுங்க ஆசீர்வாதத்துக்கு நான் காசு கட்டிக்கிட்டு இருந்தேனா?" என்றாள். அடுத்த வீட்டு அக்கா கரண்டியோடு நின்று, "நானும் தெனம் பண்ணேன்லா" என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் அன்றைக்கே அவள் எழுதிவிட்டாள். யாரும் இனிமேல் அழுத்த வேண்டாம், மனசால வாழ்த்தினால் போதும். அத்தைக்குக் கோபம் மூக்கின்மேல் வந்துவிட்டது. தன் கை ராசியில்லாத கை என்று சொல்லாமல் சொல்கிறாள் என்று குழுவைவிட்டே வெளியேறி, சமாதானம் ஆகி, மறுபடியும் சேர்ந்தார். ஆனால் எல்லாரும் நிறுத்தினார்கள். ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவும் கொஞ்சம் இறங்கியது.

கொஞ்சம்தான். காலையானால் இயந்திரம் பண்டமாரானை மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. காரணம், அங்கிருந்து தினமும் ஒருவர் விளம்பரத்தை அழுத்தி, பட்டனையும் அழுத்திக்கொண்டிருந்தார். ஆனால் மெசேஜ் எதுவும் வரவில்லை. பிள்ளையாரும் இல்லை, ரோஜாவும் இல்லை. புவனா அம்மாவைக் கேட்டாள். அவர் நிறுத்தியே விட்டதாகச் சத்தியம் செய்தார். தளம் காட்டிய ஊர்வாரிக் கணக்கைச் சபாநாதன் சார் நின்றபடியே படித்தார். "இந்த ஒண்டு ஆர்?" என்றார். யாரென்று தளம் சொல்லாது. அந்த ஒருவரை நம்பி இயந்திரம் பண்டமாரானில் அதே மாதிரி இன்னும் ஆயிரம் பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. "நாள் இல்ல. பண்டமாரானையே தள்ளுங்கோ" என்றார். ஒரு ஊரையே தள்ளியது எனக்கு அதுதான் முதல் தடவை. இனிமேல் பண்டமாரானில் இருந்து தேடினால் புவனாவின் விளம்பரம் தெரியாது.

ஆர்டர் வரத் தொடங்கியது. ஷா ஆலாமிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் ஆபீஸ் போகிறவர்கள், பலகாரம் சுட நேரமில்லாதவர்கள், எங்களுக்கு வேண்டிய ஆட்கள். அடுத்த வாரம் நான் மறுபடியும் கிள்ளானுக்குப் போனபோது கூடம் முழுக்க பிளாஸ்டிக் டப்பாக்கள். சும்மா உட்காரத் தெரியாமல் நானும் லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெரியவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, கூடத்து வாசலில் நின்றார். புவனாவின் கையிலிருந்த மூடி கீழே விழுந்தது.

"கடைய மூடிட்டியா?" என்றார் அவர்.

"அப்பா..."

"மூடிட்டியான்னு கேக்குறேன்."

"இல்லப்பா. ஓடுது. இங்க பாருங்க."

அவர் டப்பாக்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என்னையும் லேபலையும் பார்த்தார். "அப்புறம் ஏன் விளம்பரம் காணோம்? தெனம் காலையில வரும். மொத ஆளா வரும். நாலு நாளா தேடுறேன், எவன் எவனோ வர்றான், நீ வரல. உங்கம்மாகிட்ட கேட்டா அவளுக்கு ஒன்னும் தெரியல." குரல் உடைந்துபோகும் என்று பயந்தவர்போல் நிறுத்தினார். "அந்த ஆபீஸ்ல ஆள் தேடுறாங்கன்னாங்க. சரி, மூடிட்டு அங்க போறியோன்னு நெனச்சேன்."

குடும்பக் குழுவில் அவர் இல்லை. அதனால் நிறுத்தச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. மனைவி தினமும் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார். மெசேஜ் அனுப்பினால் பெயர் தெரிந்துவிடும் என்று அதை மட்டும் அனுப்பவில்லை.

"போவணும்னு சொன்னீங்கன்னா போறேன்பா" என்றாள் புவனா.

"நான் எங்கடி போவச் சொன்னேன்?" என்று கத்தினார். அவ்வளவு நாளும் பேசாமல் வைத்திருந்த சத்தம் எல்லாம் அதில் இருந்தது. அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். அடுத்த வீட்டு அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் லேபலைக் கோணலாக ஒட்டிவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே சபாநாதன் சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "பண்டமாரானத் திருப்பிப் போடலாம். ஆனா பட்டன இனி வெற்றியாக் காட்ட ஏலாது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஆர்டரையும் குறிக்க வேணும். சரியோ எண்டு கேளுங்கோ" என்றார். மாவுக் கையோடு முடியாது என்று சொன்னவள், கேள்வியை நான் முடிப்பதற்குள் தலையை ஆட்டினாள்.

குறித்தும் காட்டினாள். இயந்திரத்துக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது. அந்தத் தீபாவளி நன்றாகவே ஓடியது. சரக்குக் கம்பெனியில் வேறு யாரோ சேர்ந்தார்கள். டப்பாக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு டெலிவரிக்குப் போகிற வேலையை அப்பா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். தினமும் கிள்ளானுக்கு வந்தார், தினமும் எண்ணெய் சரியில்லை என்று குறை சொன்னார்.

தீபாவளி முடிந்து கணக்கு ஒப்படைக்கப் போனபோது நான் புவனாவிடம் சொன்னேன். காலையில் பண்டமாரானிலிருந்து அந்த ஒரு கிளிக் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதற்குத் தளம் தினமும் காசு எடுக்கிறது. வருஷம் முழுக்கப் பார்த்தால் ஒரு தொகை வரும்.

"இப்பதான் உங்கப்பா தெனம் இங்க வர்றாரே. அழுத்த வேணாம்னு நேர்லயே சொல்லிடேன்" என்றேன்.

அவள் உடனே அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் அங்கே அடுத்த வீட்டு அக்காவோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய குரல் தாழ்ந்தது.

"சொல்லாதீங்க ஆன்டி. என்கிட்ட பேசாம இருந்தாரே, அத்தன நாளும் எங்கப்பா என்கிட்ட சொன்னது அது ஒன்னுதான். எவ்ளோ ஆனாலும் ஆவட்டும், அதுக்கு நான் காசு கட்டுறேன்."